எண்பதில் ஒரு பங்கு: அனைரின் பெவனும் பிரிட்டனின் இலவச மருத்துவமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1951 ஏப்ரல் 23 அன்று பிரிட்டிஷ் மக்களவையில், தொழிற்கட்சி அரசின் முன்னணி அமைச்சர்களுள் ஒருவரான அனைரின் பெவன் தமது பதவி விலகலுக்கு விளக்கம் அளித்தார். மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் ஆகும் செலவில் பாதியை நோயாளியே ஏற்க வேண்டும் என்று நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்திருந்தார். அதனால் அந்த ஆண்டு கருவூலத்துக்கு மிச்சமாகக்கூடியது 1 கோடியே 30 லட்சம் பவுண்ட். அதே அரசு கொரியப் போரின் பின்னணியில் மூன்றாண்டு ஆயுதப் பெருக்கத்துக்கு ஒதுக்கத் துணிந்த தொகை 470 கோடி பவுண்ட். இந்தச் சிறு தொகைக்காகப் பதவியைத் துறந்த இதே மனிதர்தாம், மூன்று ஆண்டுகளுக்கு முன், எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்க மருத்துவர்களின் ஒத்துழைப்பைப் பெறுவதற்காகப் பெரும் பணத்தையும் தம் கட்சியினர் பலருக்குப் பிடிக்காத சலுகைகளையும் தயங்காமல் கொடுத்திருந்தார். எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்று அவர் வகுத்துக்கொண்ட எல்லை எது, அது அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

ட்ரெடீகர்

பெவன் 1897 நவம்பர் 15 அன்று தெற்கு வேல்ஸின் ட்ரெடீகர் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரில் பிறந்தார். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி. தாய் ஃபீபி தையல் தொழில் அறிந்தவர். பத்துக் குழந்தைகள் பிறந்த வீடு அது; அவர்களில் சிலர் சிறு வயதிலேயே இறந்துபோயினர். பள்ளிப் படிப்பு 13ஆம் வயதோடு முடிந்தது. பெவன் டை டிரிஸ்ட் சுரங்கத்தில் இறங்கினார்.

அவருக்குத் திக்குவாய் இருந்தது. பின்னாளில் சர்ச்சிலுக்கு ஈடாகப் பேசக்கூடியவர் என்று எதிரணியினரே ஒப்புக்கொண்ட ஒருவருக்கு இளமையில் பேச்சே தடையாக இருந்தது வியப்புக்குரியது. அந்தத் தடையை அவர் கடந்த வழி அதைவிடச் சுவையானது. சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து நடத்திய ட்ரெடீகர் தொழிலாளர் மன்றத்தில் ஒரு நல்ல நூலகம் இருந்தது. பெவன் வேலை முடிந்த பின் அங்கே கிடந்து படித்தார். நாக்கு இடறும் சொல் வரப்போகிறது என்று தெரிந்ததும், அதே பொருள் தரும் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடப் பழகினார். அவருடைய மேடைப் பேச்சில் எதிர்பாராத சொற்கள் வந்து விழுந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நம்ப இடமுண்டு.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவித்தொகை பெற்று 1919 முதல் இரண்டாண்டுகள் லண்டனில் மத்தியத் தொழிலாளர் கல்லூரியில் படித்துத் திரும்பியபோது அவருக்கு வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும், அதே வீட்டில் இருந்த சகோதரி ஒருவரின் சம்பாத்தியத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 1925இல் தந்தை, நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்த நோயால், மகனின் கைகளிலேயே உயிர்விட்டார். அந்த நோய் அப்போது தொழிலால் வரும் நோய் என்ற வரையறைக்குள் இல்லை. ஆகவே குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. உதவி பெற வருபவரின் வருமானத்தைத் துருவித் துருவிக் கேட்கும் எந்த ஏற்பாட்டையும் பெவன் வாழ்நாள் முழுவதும் வெறுத்ததன் வேர் இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

ஆனால் ட்ரெடீகர் அவருக்குக் கசப்பை மட்டும் கொடுக்கவில்லை. அங்கே தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று இயங்கியது. உறுப்பினரின் கூலியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3 பென்ஸ் பிடித்துக்கொள்ளப்படும். அக்காலக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். எனவே இது கூலியில் எண்பதில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் சங்கம் மருத்துவர்களையும் பல் மருத்துவரையும் சம்பளத்துக்கு அமர்த்தியது. தொழிலாளிக்கு மட்டுமன்றி அவர் மனைவி மக்களுக்கும் மருத்துவம் கிடைத்தது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நாடு முழுவதும் கொடுத்ததைவிட இது மேலானது. அந்தச் சட்டத்தின்படி காப்பீடு செய்த தொழிலாளி மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அந்த உரிமை கிடையாது. அதனால் நாட்டின் பல பகுதிகளில் தாய்மார்கள் மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தை எண்ணி நோயைப் பொறுத்துக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தார்கள். கண் மங்கியவர்கள் வுல்வொர்த் கடையில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எழுத்து ஓரளவு தெளிந்ததும் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். பெவனோ தம் ஊரில் வேறொரு முறை நடப்பதைக் கண்ணால் கண்டவர். அதன் மருத்துவமனை நிர்வாகத்திலும் பங்கேற்றவர். பிற்காலத்தில் நாட்டையே ட்ரெடீகர் ஆக்கப்போகிறோம் என்று அவர் சொன்னதாகக் கூறப்படுவது வெறும் ஊர்ப்பற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்க்குரல்

1929இல் எப்பு வேல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற பெவன், 1960இல் இறக்கும் வரை அத்தொகுதியைத் தம் கையிலேயே வைத்திருந்தார். 1934இல் ஸ்காட்லாந்துச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்த ஜென்னி லீயை மணந்தார். அவரும் அரசியலில் தனித்து நின்றவர். பாசிசத்துக்கு எதிராகப் பிற கட்சிகளோடு கூட்டணி சேர வேண்டும் என்று வாதாடியதற்காக 1939இல் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸோடு பெவனும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பச் சேர்க்கப்பட்டார்.

போர்க்காலத்தில் அரசைக் கேள்வி கேட்பதே துரோகம் என்று பலரும் கருதிய நாள்களில், சர்ச்சிலை அவையில் விடாமல் கேள்வி கேட்டவர் பெவன். வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் கோட்டை வீழ்ந்த பின் 1942 ஜூலையில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில், பிரதமர் விவாதத்துக்கு மேல் விவாதமாக வெல்கிறார், போருக்கு மேல் போராகத் தோற்கிறார் என்று அவர் சொன்னது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இப்படிப்பட்ட ஒருவரை 1945 தேர்தல் வெற்றிக்குப் பின் பிரதமர் கிளெமென்ட் அட்லீ அமைச்சரவைக்குள் கொண்டுவந்து, சுகாதாரத்தையும் வீட்டுவசதியையும் ஒப்படைத்தார். 47 வயதில் அந்த அமைச்சரவையின் மிக இளையவர் அவரே. அதற்கு முன் எந்த அமைச்சர் பதவியும் வகித்ததில்லை. அட்லீயின் துணிச்சலான தேர்வுகளில் இதற்கு முதலிடம் தருவேன்.

1945 முதல் 1948 வரை: விட்டுக்கொடுத்தவை

எல்லோருக்குமான மருத்துவ சேவை என்ற கருத்து பெவன் கண்டுபிடித்ததன்று. சமூகப் பாதுகாப்பு பற்றி 1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை அதை எதிர்பார்த்தது. 1944இல் கூட்டணி அரசே ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. போர்க்கால அவசர மருத்துவ ஏற்பாடும் மருத்துவமனைகள் பலவற்றின் நலிந்த நிலையை அரசின் கண்முன் கொண்டுவந்திருந்தது. பெவன் செய்த புதுமை மருத்துவமனைகளின் உடைமை பற்றியது. அறக்கட்டளைகள் நடத்தியவை, உள்ளாட்சிகள் நடத்தியவை என்று இரு வகையாகச் சிதறிக் கிடந்தவற்றை எல்லாம் அரசுடைமையாக்கி, வட்டார வாரியங்களின் கீழ் வைப்பது என்று அவர் முடிவு செய்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிக் கைமாறியவை ஏறத்தாழ 2,700 மருத்துவமனைகள்.

இதற்கு முதல் எதிர்ப்பு வந்தது அமைச்சரவைக்குள்ளிருந்தே. லண்டன் கவுன்ட்டி மன்றத்தின் தலைவராக இருந்து பெயர் பெற்ற ஹெர்பர்ட் மாரிசன், உள்ளாட்சி மருத்துவமனைகளைப் பறிப்பது உள்ளாட்சியின் உயிரையே வாங்குவது என்று வாதாடினார். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கையிலிருந்து அமைச்சர் நியமிக்கும் வாரியத்தின் கைக்கு மருத்துவமனை போனதால் உள்ளூர் மக்களின் பிடி தளர்ந்தது உண்மை. பெவனின் பதில், வளமான ஊருக்கு நல்ல மருத்துவமனையும் வறிய ஊருக்கு மோசமான மருத்துவமனையும் வாய்ப்பதை வேறு எந்த வழியிலும் மாற்ற முடியாது என்பது. அட்லீ அவர் பக்கம் நின்றார். 1946 மே 2 அன்று மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 359க்கு 172 என்ற வாக்குகளில் நிறைவேறியது. கன்சர்வேடிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது. நவம்பரில் அது சட்டமானது.

சட்டம் இருந்தது, மருத்துவர்கள் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம், அரசின் சம்பளக்காரர்களாகத் தங்கள் உறுப்பினர்களை மாற்றும் சூழ்ச்சி இது என்று எதிர்த்தது. 1948 பிப்ரவரியில் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 40,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் எதிராகவும் 5,000க்கும் குறைவானவர்கள் ஆதரவாகவும் வாக்களித்தனர். சேவை தொடங்க ஐந்து மாதமே இருந்தது. அதே மாதம் மக்களவையில் பெவன், சங்கத் தலைமையை அரசியல் நஞ்சு ஏறிய சிறு கூட்டம் என்று சாடினார்.

அவைக்குள் இப்படிக் கடுமையாகப் பேசியவர், பேச்சுவார்த்தையில் வேறு முகம் காட்டினார். மருத்துவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் அல்லர் என்பதை அவர் சரியாகக் கணித்திருந்தார். பெரிய மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்களுக்குத் தேவை வேறு. தெருமுனையில் மருத்துவம் பார்க்கும் பொது மருத்துவரின் அச்சம் வேறு. சிறப்பு மருத்துவர்களுக்கு அவர் கொடுத்தவை பெரியவை: அரசு சேவையில் பகுதி நேரம் பணியாற்றிக்கொண்டே தனியாகவும் சம்பாதிக்கலாம்; அரசு மருத்துவமனைக்குள்ளேயே கட்டணப் படுக்கைகள் வைத்துக்கொள்ளலாம்; போதனா மருத்துவமனைகளுக்குத் தனி ஆளுநர் குழுக்கள் தொடரும். ராயல் மருத்துவர் கல்லூரியின் தலைவர் மோரன் பிரபு இதில் அவருக்குத் துணையாக இருந்தார். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று பெவன் பின்னர் சொன்னதாக வழங்கும் வாசகம் இந்தப் பேரத்தைக் குறிப்பதே.

பொது மருத்துவர்களைப் பொறுத்தவரை சிக்கல் இரண்டு. ஒன்று, மருத்துவத் தொழிலிடத்தை ஒருவர் இன்னொருவருக்கு விலைக்கு விற்கும் வழக்கம். அதைப் பெவன் ஒழித்தார். ஆனால் ஈடாக 6 கோடியே 60 லட்சம் பவுண்ட் ஒதுக்கினார். மற்றொன்று சம்பளம். ஆண்டுக்கு 300 பவுண்ட் அடிப்படைச் சம்பளம் என்ற அவர் திட்டம், முழுச் சம்பள ஊழியத்துக்கான முதல் படி என்று மருத்துவர்கள் அஞ்சினர். 1948 ஏப்ரலில் அவர் இறங்கிவந்தார்: முழுநேரச் சம்பள ஊழியத்தை அரசாணையால் திணிக்க முடியாது என்று சட்டத்திலேயே திருத்தம் வரும், பட்டியலில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஊதிய முறையே தொடரும். மே மாத வாக்கெடுப்பில் எதிர்ப்பு சுமார் 26,000 ஆகச் சரிந்தது. பெரும்பான்மை இன்னும் எதிராகத்தான் இருந்தது. ஆனால் எதிர்த்து நிற்கும் துணிவு கரைந்துவிட்டது. ஜூலை பிறப்பதற்குள் பொது மருத்துவர்கள் திரள்திரளாகப் பதிந்துகொண்டார்கள்.

இந்தச் சலுகைகளை இடதுசாரிகள் சிலர் சரணாகதி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொடுத்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை அனைத்தும் மருத்துவருக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கைச் சேர்ந்தவை என்பது புலப்படும். மருத்துவர் எப்படிச் சம்பாதிக்கிறார், எந்தக் குழு அவரை மேற்பார்க்கிறது, எவ்வளவு ஈட்டுத்தொகை என்பவற்றில் அவர் வளைந்தார். நோயாளி மருத்துவர் முன் வந்து அமரும்போது காசு கேட்கக் கூடாது என்பதில் மட்டும் எந்தத் தரப்புக்கும் அவர் ஒரு பென்ஸ் கூட விட்டுத்தரவில்லை. கட்டணப் படுக்கைகள் மட்டும் இதற்கு விலக்கு. வசதியுள்ளவர் வரிசையைத் தாண்டிச் செல்ல வழி செய்த அந்த ஏற்பாடு பின்னாளில் தொழிற்கட்சிக்குத் தீராத தலைவலியானது. அதை அவர் அறியாமல் செய்திருக்க முடியாது. அதைக் கொடுக்காவிட்டால் தேர்ந்த மருத்துவர்கள் தனியார் மருத்துவமனைகளுக்கே போய்விடுவார்கள் என்று அவர் அஞ்சினார்.

ஜூலை 4, ஜூலை 5

சேவை தொடங்குவதற்கு முதல் நாள், மான்செஸ்டரின் பெல் வியூ திடலில் கூடிய கட்சிக் கூட்டத்தில், தம் இளமை வறுமையை நினைத்துப் பேசிய பெவன், கன்சர்வேடிவ் கட்சியினரைப் புழுப்பூச்சியிலும் கீழானவர்கள் என்று சொல்லிவிட்டார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அட்லீ கடிதம் எழுதிக் கண்டித்தார். பெவனின் கோபத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தமது வாழ்வின் மிகப் பெரிய சாதனைக்கு முந்திய மாலையில், அதை எல்லோருக்கும் பொதுவானதாக நிறுத்தியிருக்க வேண்டியவர், எதிரிகளின் கையில் பத்தாண்டுக்குப் போதுமான ஆயுதத்தைக் கொடுத்தது பெரும் தவறே.

மறுநாள், 1948 ஜூலை 5, அதே நகரை ஒட்டிய டேவிஹுல்ம் பார்க் மருத்துவமனைக்கு அவர் சென்றார். செவிலியர்கள் அணிவகுத்து நின்றனர். லங்காஷயர் கவுன்ட்டி மன்றத்தின் கையிலிருந்து மருத்துவமனையின் சாவி அமைச்சரின் கைக்கு மாறியது. உள்ளே 13 வயதுச் சிறுமி ஒருத்தி படுத்திருந்தாள்; புதிய சேவையின் முதல் நோயாளி என்று குறிக்கப்பட்டவள் அவள்தான். இன்று நடப்பதன் பொருள் உனக்குப் புரிகிறதா என்று பெவன் அவளிடம் கேட்டார். எந்த நாடும் எடுத்து வைத்ததிலேயே மிக நாகரிகமான அடி இது என்று அவளுக்கு விளக்கினார். பெவன் சுரங்கத்தில் இறங்கியதும் ஏறத்தாழ அந்த வயதில்தான்.

அடுத்த மாதங்களில் மருத்துவர்களின் அறைகளில் கூட்டம் நிரம்பியது. ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்த நோய்களோடு பெண்கள் வந்தார்கள். கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் வந்த கோரிக்கைகள் மதிப்பீட்டை எங்கேயோ விட்டுவிட்டன. இதை ஊதாரித்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. தேங்கிக் கிடந்த துன்பத்தின் அளவு முதன்முறையாகக் கணக்கில் ஏறியது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

1951: விட்டுக்கொடுக்காதது

செலவு மதிப்பீட்டை மீறியதால் கருவூலம் ஒவ்வோர் ஆண்டும் சேவையை நெருக்கியது. இங்கே பெவனுக்கு எதிரான வலுவான சான்று ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 1949இல், மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்) வரை கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை அரசு சட்டத்தின் மூலம் பெற்றபோது, அவர் பதவியில் இருந்தார், வேண்டாவெறுப்பாக உடன்பட்டார். அது நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொண்டார் என்றாலும், கொள்கை அப்போதே ஒரு விரல் அளவு கீறப்பட்டுவிட்டது என்று கெய்ட்ஸ்கெல்லின் ஆதரவாளர்கள் சொன்னால் மறுப்பது கடினம்.

1950 அக்டோபரில், பெவனைவிட எட்டு வயது இளையவரான கெய்ட்ஸ்கெல் நிதியமைச்சரானார். 1951 ஜனவரியில் பெவன் தொழிலாளர் துறைக்கு மாற்றப்பட்டார். மார்ச்சில் வெளியுறவுத் துறை மாரிசனுக்குப் போயிற்று. இரு பெரும் பதவிகள் கைநழுவிய மனக்குறைதான் பதவி விலகலின் உண்மைக் காரணம் என்று அன்றும் பலர் கூறினர். மனக்குறை இருந்திருக்கும், மனிதர்தாமே. ஆனால் ஏப்ரல் 3 அன்று, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, லண்டனின் பெர்மண்ட்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில், நோயாளியிடம் கட்டணம் வாங்கும் அரசில் தாம் உறுப்பினராக இருக்கப்போவதில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். சமாதானம் செய்யக்கூடிய அட்லீயோ வயிற்றுப்புண்ணால் மருத்துவமனையில் இருந்தார். பொறுப்பில் இருந்த மாரிசனுக்குப் பெவனைத் தக்கவைக்கும் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 10 அன்று கட்டணம் அறிவிக்கப்பட்டது; அதன்பின் பெவன் விலகினார், ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் உடன் விலகினர். விளக்க உரை எடுபடவில்லை. கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அவையின் மனம் இளகியிருக்கலாம். அவர் கெய்ட்ஸ்கெல் மீதான எரிச்சலையும் சேர்த்துக் கொட்டினார். ஆனால் அந்த உரையில் இருந்த பொருளாதார வாதம் பிழையற்றது. மூலப்பொருளும் இயந்திரங்களும் தட்டுப்பாடாக இருக்கும்போது 470 கோடி பவுண்டை ஆயுதத்துக்குச் செலவிடவே இயலாது என்றார் அவர். அக்டோபர் தேர்தலில், அதிக வாக்குகள் பெற்றும் குறைவான இடங்களோடு, தொழிற்கட்சி தோற்றது. ஆட்சிக்கு வந்த சர்ச்சில் அரசே அந்த ஆயுதத் திட்டத்தைச் சுருக்கியது. 1952இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணமும் வந்தது.

சேவை நாட்டைத் திவாலாக்கும் என்ற அச்சத்தை ஆராய 1953இல் பொருளியலறிஞர் கில்லேபாட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1956இல் வெளிவந்த அதன் அறிக்கை, தேசிய வருமானத்தில் சேவைக்கான செலவின் பங்கு 1949-50இல் 3.75 சதவீதமாக இருந்தது 1953-54இல் 3.25 சதவீதமாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஊதாரி என்று அவரை ஏசியவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

பின்னர்

எஞ்சிய ஒன்பது ஆண்டுகளில் பெவன் கட்சியைப் பிளந்தார், பின் ஒட்டவும் வைத்தார். 1955இல் தலைமைப் போட்டியில் கெய்ட்ஸ்கெல் 157, பெவன் 70, மாரிசன் 40 வாக்குகள் பெற்றனர். தோற்கடித்தவரின் கீழேயே, எதிர்க்கட்சி வரிசையில், வெளியுறவு விவகாரப் பொறுப்பை ஏற்றார். 1956இல் எகிப்தின் மீது பிரிட்டன் நடத்திய சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து டிராஃபல்கர் சதுக்கத்தில் பேசினார். 1957இல் பிரைட்டன் மாநாட்டில், பிரிட்டன் தன்னிச்சையாக அணுகுண்டைக் கைவிடும் தீர்மானத்தை எதிர்த்து, தம்மை நம்பிய இடதுசாரித் தோழர்களையே திகைக்க வைத்தார். 1959இல் கட்சியின் துணைத் தலைவரானார். 1960 ஜூலை 6 அன்று, சேவையின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைந்த மறுநாள், பக்கிங்ஹாம்ஷயரில் இருந்த தம் பண்ணை வீட்டில் இரைப்பைப் புற்றுநோயால் 62ஆம் வயதில் இறந்தார். அவர் அஸ்தி ட்ரெடீகருக்கு மேலுள்ள மலையில் தூவப்பட்டது.

அவரோடு பதவி விலகிய ஹெரால்ட் வில்சன் 1964இல் பிரதமரானார்; 1965 பிப்ரவரியில் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை நீக்கினார். நாணய நெருக்கடி முற்றியபோது, 1968இல் அவரே அதைத் திரும்பக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அந்தக் கட்டணம் இன்றும் இருக்கிறது. வேல்ஸில் 2007 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சீட்டுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.